நகராட்சி கொடுத்த வாள்

பிரேக்கம்மாவுக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் அவளிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள். பயிற்சிக் காரில் அவள் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவருக்கு நிறுத்தலாமா என்று தோன்றுவதற்குள் அவள் கால் அதை மிதித்திருக்கும். மஞ்சள் விளக்கைக் கண்டு வேகம் கூட்டியவன், வரிசையில் நிற்காமல் முந்தப் பார்த்தவள், சும்மா ஹாரனில் கை வைத்தவன், எல்லோரும் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். அதிலும் ஹாரன் என்றால் அவளுக்கு ஆகவே ஆகாது. "ஓட்டத் தெரியாதவன்தான் சத்தம் போடுவான்" என்று புறங்கையில் பட்டென்று ஒன்று வைப்பாள். தனக்குத் திருப்தி வராதவரை யாரையும் லைசென்ஸ் டெஸ்ட்டுக்கு அனுப்பமாட்டாள். சிலரை வருஷக்கணக்கில் அனுப்பாமலே வைத்திருந்தாள்.

அப்படிப்பட்டவள் வயிற்றில் பிறந்த பெண் வரிசையை விட்டு வண்டியை வெளியே எடுத்துவிட்டாள். வண்டி என்றால் கார் இல்லை. கடற்படைக் கப்பல். அந்தக் கப்பலுக்கு அவள்தான் கேப்டன். வீட்டில் மட்டும் இன்னும் பாப்பா.

நடந்தது இதுதான். பெரிய மனிதர்கள் வந்து பார்க்கப்போகும் அணிவகுப்புக்கு ஒத்திகை. கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக, இடைவெளி பிசகாமல் போய்க்கொண்டிருந்தன. காற்று திடீரென்று பிடித்துக்கொண்டது. துறைமுகத்துக்கு அக்கரையிலிருந்து ஆட்களை ஏற்றி வரும் நகராட்சிப் படகு முகத்துவாரத்தில் கவிழ்ந்தது. பாப்பாவின் கப்பல்தான் அதற்குப் பக்கத்தில் இருந்தது. ரேடியோவில் ஆணை வந்தது. வரிசையைக் கலைக்காதே, மீட்புப் படகுகள் வருகின்றன என்று. மீட்புப் படகுகள் வந்தன, ஆடி அசைந்து, எல்லாம் முடிந்த பிறகு. அதற்குள் பாப்பா கப்பலைத் திருப்பிக்கொண்டு போய் தண்ணீரில் கிடந்த அத்தனை பேரையும் வலை போட்டு ஏற்றிவிட்டாள். ஒரு உயிர் போகவில்லை. போனது என்னவென்றால், பின்னால் வந்த கப்பல் இவளுக்கு விலகப் போய் ஒரு மிதவையில் உரசிக்கொண்டதில் கொஞ்சம் பெயின்ட். அதையும் அட்மிரல் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டார்.

ஊர் அவளுக்கு ஒரு வாளும் கௌரவக் குடிமகள் பட்டமும் கொடுப்பதென்று முடிவு செய்தது. கடற்படை அவளைக் கப்பலிலிருந்து இறக்கி வீட்டுக்கு அனுப்பி, விசாரணைக்குத் தேதி வைத்தது.

பாராட்டுக் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் மீசைக்காரர் வந்தார். அவர் பாப்பாவுக்கு மேலதிகாரி. அவர் வருவதற்குக் கொஞ்சம் முன்பே மீசை வந்துவிடும். டிரைவிங் ஸ்கூலின் முன்னறைதான் வீட்டுக்கும் கூடம். சுவர் முழுக்கச் சாலைக் குறிகள் ஒட்டியிருந்தன. 'நுழையாதே' என்ற சிவப்பு வட்டத்துக்கு நேர் கீழே இருந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்தார்.

"அம்மா, நான் இங்க அதிகாரியா வரலை. உங்க குடும்பத்துல ஒருத்தனா வந்திருக்கேன்" என்றார்.

அப்படிச் சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் சும்மா வந்ததாகப் பிரேக்கம்மாவுக்கு நினைவில்லை. இருந்தாலும் தேநீர் கொடுத்தாள்.

"விசாரணைன்னா என்னங்க பண்ணுவாங்க?"

"எங்கள்ல ஒரு பழைய வழக்கம் இருக்குங்க. குற்றம் சாட்டப்பட்ட அதிகாரியோட வாளை வாங்கி நீதிபதிங்க மேஜையில குறுக்கா வெச்சிடுவாங்க. தீர்ப்பு ஆனதும் அதைத் திருப்பி வெப்பாங்க. அந்த அதிகாரி உள்ள வர்றப்ப கைப்பிடி அவர் பக்கம் இருந்தா விடுதலை. முனை அவர் பக்கம் இருந்தா குற்றவாளி. யாரும் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடும்."

"வாய் இருக்கிறவங்க எதுக்குங்க வாளை விட்டுப் பேசணும்?" என்றாள் பிரேக்கம்மா.

மீசைக்காரர் சிரித்துவிட்டுப் பாப்பா பக்கம் திரும்பினார். "முனை உன் பக்கம் திரும்பாம இருக்க ரெண்டே ரெண்டு விஷயம்தான். ஒண்ணு, அந்த நகராட்சி விழாவுக்குப் போகாதே. காய்ச்சல்னு சொல்லிடு. ஆணையை மீறினதுக்கு ஊர்ல வாள் குடுக்கிறான், நம்ம ஆளு போய் வாங்கிக்கிறான்னா நாளைக்கு எவன் வரிசையில நிப்பான்? ரெண்டாவது, விசாரணையில ஆணை காதுல விழலைன்னு சொல்லு. ரேடியோ சரியில்லை. அவ்வளவுதான். நான் பாத்துக்கறேன்."

பாப்பா எழுந்து அவருடைய காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கூட்டம் முடிந்தது என்பதற்கு அந்த வீட்டில் அதுதான் அடையாளம்.

அவர் போன பிறகு பிரேக்கம்மா பிடித்துக்கொண்டாள். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போகுதுன்னு நினைச்சுக்கோயேன்டி. ரேடியோ கெட்டுப்போச்சுன்னு சொன்னா ரேடியோவுக்கா மானம் போகப்போகுது?"

"ரேடியோவுக்குப் பின்னால ஒரு ஆள் இருக்காரும்மா. வயர்லெஸ்காரர். ஆணையை எழுதிக் கையில குடுத்தவர் அவர். ரேடியோ சரியில்லைன்னா ஏன் சரியில்லை, யார் பாத்துக்கணும்னு அடுத்த கேள்வி வரும். பழி ஓரிடம் பாவம் ஓரிடமா?"

"அவருக்கு என்ன பெரிசா வந்துடும்?"

"ரிட்டயர் ஆகப்போறவர். எல்லாம் போயிடும்."

"அப்ப உனக்குப் போனா பரவாயில்லையா? கப்பல் கப்பல்னு இருபது வருஷம் கரையில கால் தரிக்காம அலைஞ்சியே. கல்யாணத்துக்கு நாள் குறிச்சப்பகூட அலை அடிக்குது, அப்புறம் வரேன்னவ நீ. அந்தக் கப்பலை வெறும் வாயால தொலைக்கப்போறியா? நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க? அதுவும் இல்லாம, வரிசையை விட்டு நீ வெளிய வந்தது தப்புதானே?"

பாப்பா அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். "தப்புதான்" என்றாள். "ஆனா எனக்குக் கேட்டுதும்மா. நல்லாக் கேட்டுது. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க என்னால ஆகாது."

அதற்குப் பிறகு இரண்டு நாள் தாயும் மகளும் உப்பு இருக்கா, சோப்பு தீர்ந்துபோச்சு என்பதற்கு மேல் பேசிக்கொள்ளவில்லை.

விழாவுக்குப் பிரேக்கம்மா போனாள். பெற்ற கடனுக்குப் போனாள் என்றுதான் அவளே சொல்லிக்கொண்டாள். நகராட்சி மண்டபத்தில் உட்கார இடமில்லை, முதல் வரிசையைத் தவிர. அது கடற்படைக்கு ஒதுக்கியது. நாற்காலிக்கு நாற்காலி பெரிய எழுத்தில் சீட்டு ஒட்டியிருந்தது, ஆள்தான் இல்லை. ஓரத்து நாற்காலியில் மட்டும் ஒரு வழுக்கைத்தலைக்காரர் சாதாரண உடுப்பில், யாரோ எழுப்பிவிடப்போகிறார்கள் என்பதுபோலக் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வயர்லெஸ்காரர்.

வாள் வந்தது. வாள் செய்கிற கடை அந்த ஊரில் கிடையாது. அதனால் ஓட்டப்பந்தயக் கோப்பையும் மெடலும் செய்கிற கடையில் சொல்லிச் செய்திருந்தார்கள். கோப்பையின் காது மாதிரியே கைப்பிடி. அதில் நகராட்சி முத்திரையான கலங்கரை விளக்கம். அது பார்ப்பதற்குப் பால் பாட்டில் போல இருந்தது. ஒரு பக்கம் கேப்டனின் பெயர், மறுபக்கம் 'நன்றி'. எல்லாவற்றுக்கும் மேலே, மண்டபத்துக்குள் கூரான ஆயுதம் கொண்டுவரக் கூடாது என்று நகராட்சியில் ஒரு விதி உண்டாம். தான் போட்ட விதியைத் தானே மீறக்கூடாது என்று வாளின் முனையை வட்டமாக ராவி எடுத்திருந்தார்கள். ரொட்டிக்கு வெண்ணெய் தடவலாம். அதற்குமேல் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

பாப்பா வெள்ளைச் சீருடையில் மேடை ஏறினாள். நகராட்சித் தலைவர் வாளைக் கொடுத்தபோது மண்டபமே எழுந்து நின்றது. அவள் ஒரே ஒரு வரிதான் பேசினாள். "இதை வாங்க வரவேண்டாம்னு சொன்னாங்க. வந்திருக்கேன்." பிரேக்கம்மாவின் வலது கால் தரையில் பிரேக்கைத் தேடி மிதித்தது. பயனில்லை.

கூட்டம் கலையும்போது ஒரு பெண் பிரேக்கம்மாவை நெருங்கி வந்தாள். பல் டாக்டர். பிரேக்கம்மாவின் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கியவளும் அவள்தான், பிரேக்கம்மாவிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்து கிளட்சோடு மல்லுக்கட்டியவளும் அவள்தான்.

"நானும் அந்தப் படகுலதாங்க இருந்தேன்" என்றாள்.

"ஐயோ! உங்களுக்கென்ன படகு? பாலத்து வழியாக் கார்ல வரலாமே."

"லைசென்ஸ் இல்லையே. நீங்கதான் டெஸ்ட்டுக்கு அனுப்பமாட்டேன்னுட்டீங்க. இன்னும் ஆகட்டும், இன்னும் ஆகட்டும்னு." அவள் குற்றமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு பிரேக்கம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க பொண்ணு கையைக் குடுத்து என்னை இழுத்தப்ப என்ன சொன்னாங்க தெரியுமா? பயப்படாதீங்க, எங்கம்மா மாதிரி என்கிட்ட பிரேக் இல்லைன்னாங்க."

பிரேக்கம்மா அவளுக்கு ஏதோ பதில் சொன்னாள். என்ன சொன்னோம் என்பது அவளுக்கே தெரியாது. வெளியே வந்து பயிற்சிக் காரில் ஏறி, சாவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். பாப்பாவைச் சுற்றி ஆட்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பிரேக்கம்மா, அந்தக் கப்பலில் நான் இருந்திருந்தால் என்று யோசித்தாள். மிதித்திருப்பாள். சந்தேகமே இல்லை. வரிசையில் அழகாக நின்றிருப்பாள், பெயின்ட் உரசியிருக்காது, இந்தப் பல் டாக்டர் செத்துப்போயிருப்பாள். இதை நினைத்ததும் அவளுக்கு முதலில் வந்தது வெட்கம். அது கொஞ்ச நேரம்தான் இருந்தது. அதற்குப் பின்னால் கோபம் வந்தது, மீசை மேலும், காலியாகக் கிடந்த அந்த முதல் வரிசை மேலும், தன் கால் மேலும்.

விசாரணையன்று காலையில் பாப்பா குளியலறையிலிருந்து குரல் கொடுத்தாள். "அம்மா, அலமாரியில இருக்கிற வாளை எடுத்துக் கார்ல வெச்சிடு."

அலமாரியில் இரண்டு வாள்கள் இருந்தன. கடற்படை கொடுத்தது கறுப்பு உறையில், ஒல்லியாக, அடக்கமாக நின்றது. நகராட்சி கொடுத்தது பாட்டில் முத்திரையோடு பளபளத்தது. பிரேக்கம்மா அதிகம் யோசிக்கவில்லை.

காரில் ஏறிய பாப்பா பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தாள். "மறதியா எடுத்துட்டு வந்துட்டியாம்மா?"

"மறதியா? எனக்கா?" கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே பிரேக்கம்மா கேட்டாள். "பெல்ட்டைப் போடு."

பாப்பா சிரித்தாள். பேச்சற்ற நாட்களுக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டதே பிரேக்கம்மாவுக்குப் பாதி வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

கடற்படை வளாகத்துக்குள் நுழையும்போதே பலகை வைத்திருந்தார்கள், ஹாரன் அடிக்கக் கூடாது என்று. நல்ல பலகை என்று பிரேக்கம்மா எப்போதும் நினைப்பாள். அலையைத் தடுக்கக் கட்டிய அலைச்சுவரை ஒட்டி நீளமான சாலை. பாப்பாவின் கப்பல் அங்கேதான் கட்டியிருந்தது. அதைத் தாண்டும்போது பாப்பா திரும்பிப் பார்க்கவில்லை, மடியில் இருந்த தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டு வந்தாள்.

விசாரணை அறையில் மூன்று நீதிபதிகள், மூவரும் அதிகாரிகள். நடுவில் இருந்தவருக்குத் தலை முழுக்க நரை. பார்வையாளர் பெஞ்சில் பிரேக்கம்மா, பல் டாக்டர், படகில் வந்த இன்னும் சிலர். எதிர்ச்சுவரை ஒட்டி மீசைக்காரர்.

பாப்பா வாளை மேஜையில் வைத்தாள். நரைத்தலை குனிந்து பார்த்தார். கலங்கரை விளக்கத்தைப் பார்த்தார், 'நன்றி'யைப் பார்த்தார்.

"என்ன இது?"

"என்னோட வாள் சார்."

"இது கடற்படை வாள் இல்லையே."

"விதியில அதிகாரியோட வாள்னுதான் சார் இருக்கு. எனக்கு ரெண்டு இருக்கு. இந்த வழக்குக்கு இதுதான் பொருத்தம்."

மூவரும் தலையைச் சேர்த்துக் குசுகுசுத்தார்கள். விதிப் புத்தகம் வந்தது, பக்கங்கள் புரண்டன. அவள் சொன்னபடிதான் இருந்தது. வாள் அங்கேயே இருந்தது. விதி தெரிந்தவள் பெற்ற பெண் அல்லவா என்று பிரேக்கம்மா நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

கேள்விகள் நிறையக் கேட்டார்கள். காற்று எந்தப் பக்கம், வேகம் என்ன, பின்னால் வந்த கப்பலுக்கு ஏன் சைகை காட்டவில்லை. அதற்கு மட்டும் பாப்பா, "காட்டியிருக்கணும் சார், என் தப்பு" என்றாள். கடைசியில் நரைத்தலை கண்ணாடியைக் கழற்றி வைத்தார். குரலும் இறங்கியது.

"கேப்டன், யோசிச்சுப் பதில் சொல்லுங்க. அன்னைக்குக் காத்து பலமா இருந்தது. ரேடியோவுல இரைச்சல் இருந்திருக்கலாம். வரிசையை விடாதேன்னு வந்த ஆணை உங்களுக்குக் கேட்டுதா?"

கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பது பிரேக்கம்மாவுக்குக்கூடப் புரிந்தது. கேட்கவில்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். அலைச்சுவரில் கட்டியிருக்கும் அந்தக் கப்பலில் இன்று சாயங்காலமே போய் ஏறிக்கொள்ளலாம். மீசைக்காரரின் மீசை நம்பிக்கையோடு லேசாகத் தூக்கியது. பிரேக்கம்மா தன் கால்கள் இரண்டையும் தூக்கிப் பெஞ்சின் குறுக்குக் கட்டையில் வைத்துக்கொண்டாள். இன்றைக்கு அவை எதையும் மிதிக்கக் கூடாது.

"கேட்டுது சார்" என்றாள் பாப்பா. "தெளிவாக் கேட்டுது. வயர்லெஸ்காரர் எழுதியும் குடுத்தார். ரேடியோ மேல ஒரு குறையும் இல்லை. கேட்டுட்டுத்தான் திருப்பினேன். நாளைக்கு இன்னொரு படகு கவிழ்ந்தாலும் கேட்டுட்டுத்தான் திருப்புவேன்."

எல்லோரையும் வெளியே அனுப்பினார்கள். வராந்தாவில் மீசைக்காரர் பிரேக்கம்மாவிடம் வந்து, "நீங்களாவது சொல்லியிருக்கக் கூடாதாம்மா?" என்றார்.

"சொன்னேங்க. நல்லவேளை அவ கேக்கலை" என்றாள் பிரேக்கம்மா.

திரும்ப உள்ளே அழைத்தபோது வாள் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. கைப்பிடி நீதிபதிகள் பக்கம். முனை பாப்பாவைப் பார்த்திருந்தது, வட்டமாக, வழவழவென்று.

தீர்ப்பை வாசித்தார்கள். ஆணையை மீறிய குற்றம் நிரூபணமானது. கப்பலின் பொறுப்பிலிருந்து நீக்கம். இனிமேல் கரையில், கயிறும் பெயின்டும் வைத்திருக்கும் கிடங்கில் வேலை. பெயின்ட் என்று வாசிக்கும்போது வாசித்தவருக்கே நாக்குத் தடுமாறியது. பிரேக்கம்மாவுக்குக் கண்ணைக் கரித்துக்கொண்டு வந்தது. அழக் கூடாது என்று பல்லைக் கடித்தாள். பிடுங்கின இடத்தில் வலித்தது.

"ஏதாவது சொல்ல விரும்புறீங்களா?"

பாப்பா மேஜையைப் பார்த்தாள். "இந்த முனை யாரையும் குத்தாது சார். ஊர்ல பாத்துப் பாத்துச் செஞ்சிருக்காங்க."

பின் பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நரைத்தலை சிரிக்கவில்லை. ஆனால் அதட்டவும் இல்லை. "அந்தப் பொருளை எடுத்துக்கலாம்" என்றார்.

"பொருள் இல்லை சார். வாள்."

அதை எடுத்து இடுப்பில் மாட்டிக்கொண்டு, சல்யூட் அடித்துவிட்டு, அவள் வெளியே வந்தாள். படிக்கட்டில் மாலுமிகள் நின்றார்கள். யாரும் அவளை நேரே பார்க்கவில்லை. காரில் ஏறி உட்கார்ந்ததும் பிரேக்கம்மா அவள் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டு, வண்டியைக் கிளப்பினாள்.

அலைச்சுவரை ஒட்டிய சாலை. தூரத்தில் அந்தக் கப்பல் தெரிந்தது. மேல்தளத்தில் சிலர் வேலையை விட்டுவிட்டுச் சும்மா நின்றுகொண்டிருந்தார்கள். பாப்பா இந்தமுறை திரும்பிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். சத்தமே வராமல் கண்ணீர் இறங்கிக் கழுத்துப் பட்டையை நனைத்தது.

பிரேக்கம்மா பலகையைப் பார்த்தாள். ஹாரன் அடிக்கக் கூடாது. பெரிய எழுத்து, சிவப்பு வட்டம், குறுக்கே கோடு. அவளே ஆயிரம் பேருக்குச் சொல்லிக் கொடுத்த குறி.

உள்ளங்கை முழுவதையும் ஹாரனில் வைத்து அழுத்தினாள். எடுக்கவே இல்லை.

"அம்மா!"

"சும்மா இருடி."

வளாகம் முழுக்க ஜன்னல்கள் திறந்தன. காவல்காரர் ஒருவர் கையைக் காட்டிக்கொண்டு ஓடி வந்தார். பயிற்சிக் கார், தலையில் 'எல்' பலகையோடு, வேக வரம்புக்குள்ளேயே, நடுச்சாலையில் அலறிக்கொண்டு போனது. கப்பலுக்கு நேராக வந்தபோது கப்பலின் சங்கு பதிலுக்கு ஊதியது. ஒரே ஒரு நீள ஊதல். கார் கண்ணாடிகளெல்லாம் அதிர்ந்தன. பாப்பா அழுதுகொண்டே சிரித்தாள்.

ஒலி எழுப்பிய குற்றத்துக்காகப் பிரேக்கம்மா அன்று காவலறையில் வெகுநேரம் உட்கார வேண்டியிருந்தது. கேட்டதும் ஒப்புக்கொண்டாள். தெரிந்தேதான் அடித்தேன் என்றாள்.

கப்பல் சங்கை ஊதியது யார் என்று அடுத்த நாள் தனியாக ஒரு விசாரணை நடந்தது. மீசைக்காரரே நடத்தினார். கப்பலில் இருந்தவர்களை வரிசையாக நிறுத்தி, சமையல்காரர்வரை ஒவ்வொருவராகக் கேட்டார். கடைசியாக வயர்லெஸ்காரரைக் கேட்டார். அவரும் மற்றவர்கள் சொன்னதையே சொன்னார்.

"சங்கா? காதுல விழலை சார்."